லேடீஸ் பெட்டி, ஜென்ட்ஸ் பெட்டி

செங்கம் ரோடு சாலையோரக் கடைக்காரர்கள் நலச் சங்கத்தின் தலைவர் தேர்தலுக்கு வந்திருந்தவர்கள் இருபத்தொரு பேர். பாக்கியில்லாமல் எல்லா உறுப்பினரும் வந்து சேர்ந்தது சங்கத்தின் வரலாற்றில் அதுதான் முதல் தடவை. இடம், அப்பாசாமியின் டீக்கடைக்குப் பின்னால் இருந்த காலி மனை. நேரம், மதியச் சாப்பாடு முடிந்து வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் ரூமுக்குப் போய்த் தியானம் என்ற பெயரில் குறட்டை விடும் நேரம்.

நடுவில் நாற்காலியில் அப்பாசாமி. பழைய தலைவர். முட்டி ஆபரேஷன் ஆன காலை இன்னொரு நாற்காலியின் மேல் நீட்டியிருந்ததால், அவர் ஒருவரே இரண்டு ஆள் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு வலது பக்கம் டீக்கடை பெஞ்சுகளில் ஆண்கள். இடது பக்கம் தரையில் விரித்த தார்ப்பாயில் பெண்கள். பெஞ்சில் இடம் இல்லாமல் இல்லை. ஆனாலும் பெண்கள் தார்ப்பாயில்தான் உட்கார்ந்தார்கள். யாரும் உட்காரச் சொல்லவில்லை, யாரும் ஏன் என்று கேட்கவுமில்லை.

தார்ப்பாயின் முன் வரிசையில் பூக்கூடையோடு மண்ணாங்கட்டி. அவள் வாய் பேசும்போதும் கை பூ கட்டும், கை நின்றாலும் வாய் நிற்காது. பெஞ்சுக்கும் வேலிச் சந்துக்கும் நடுவே, பாதிப் பிருஷ்டம் பெஞ்சிலும் பாதி வெளியிலுமாக, இளநீர்க் கடைச் சடையன். வேட்பாளர். சர்க்கரை வியாதிக்காரர், எந்த நேரமும் எழுந்து ஓட வேண்டியிருக்கும் என்பதால் கல்யாண வீட்டிலும் அவர் வாசல் ஓரமாகத்தான் உட்காருவார். தார்ப்பாயிலும் சேராமல் பெஞ்சிலும் சேராமல், தன் டிபன் கடையிலிருந்து கையோடு எடுத்து வந்த ஸ்டூலில் திரௌபதி. எதிர் வேட்பாளர். வாடகைக்கு ஸ்கூட்டி விடும் எழில் எங்கேயும் உட்காராமல் தன் ஸ்கூட்டி மேலேயே சாய்ந்திருந்தான்.

அப்பாசாமியின் நீட்டிய காலுக்குக் கீழே, கவிழ்த்து வைத்த தக்காளிப் பெட்டியை மேசையாக்கிக்கொண்டு தமிழ்செல்வி. சங்கத்தின் செயலாளர். கீழ்பென்னாத்தூர் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ முடித்தவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்ற ஒரே குற்றத்துக்காக அந்தப் பதவியைத் தலையில் கட்டிவிட்டார்கள். வெளிநாட்டுக்காரர்களுக்கு லொடலொட பேண்டும் பருத்திச் சட்டையும் விற்பது அவள் வியாபாரம்.

அந்தக் கூட்டத்தில் தமிழ்செல்விக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஒரு கக்கூஸ்.

காலையில் கடையைத் திறந்தால் ராத்திரி மூடும்வரை அவள் அந்த ரோட்டில்தான். வீடு வேங்கிக்காலில், ஊரின் இன்னொரு கோடியில். நடுவில் அவசரம் வந்தால் அடக்க வேண்டியதுதான். அடக்குவதற்கு நல்ல வழி தண்ணீர் குடிக்காமல் இருப்பது என்று கண்டுபிடித்தாள். அதில் இரண்டு தடவை நீர்க்கடுப்பு வந்து பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். "தண்ணி நல்லா குடிங்கம்மா" என்றார் டாக்டர். "குடிச்சிட்டு எங்க சார் போறது?" என்று இவள் கேட்டாள். அது அவர் பாடத்தில் இல்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

முக்திக்கு வழி காட்ட அந்த ரோட்டில் அடிக்கு ஒரு ஆள் இருந்தார்கள். மூத்திரத்துக்கு வழி காட்டத்தான் ஆள் இல்லை.

இருந்த ஒரே வழி திரௌபதி. டிபன் கடைக்குப் பின்னாலேயே அவள் வீடு, வீட்டுக்கு வெளியே பாத்ரூம், பாத்ரூமுக்கு ஒரு பூட்டு, பூட்டுக்குச் சாவி திரௌபதியின் இடுப்பில். கேட்டால் தரமாட்டேன் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் தரும் விதம் இருக்கிறதே! கடை நிறைய ஆட்கள் பொங்கலும் வடையுமாக இருக்கும்போது, "மறுபடியுமா? இப்பதான்டி போன?" என்பாள், மலை உச்சிக்குக் கேட்கும்படி. சாவி வாங்கிக்கொண்டு போகிற பெண்ணின் முதுகில் நான்கு ஆம்பளைக் கண்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பயந்தே பாதிப் பேர் போவதில்லை. தமிழ்செல்வி அந்தப் பாதியில் ஒருத்தி.

மாநகராட்சி ஆபீசில் நல்ல மனிதர் ஒருவர் இவளிடம் சொல்லியிருந்தார். "உங்க சங்கத் தலைவர் கையெழுத்தோட ஒரு லெட்டர் குடுங்கம்மா. பராமரிப்ப சங்கமே பாத்துக்கும்னு எழுதிடுங்க. அந்த ரோட்டுக்கு ஒண்ணு போட்டுத்தரலாம்." தமிழ்செல்வி அன்றைக்கே எழுதினாள். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, உள்ளடக்கம், எல்லாம் அதனதன் இடத்தில். அப்பாசாமி கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நம்ம லெட்டர் பேடுல தலைப்புல அண்ணாமலையார் படம் போட்டுருக்குதும்மா. அதுக்குக் கீழ கக்கூஸ்னு எழுதுறதா? சாமி குத்தம்."

"கழிப்பறைன்னுதானே எழுதியிருக்கேன்ணே."

"எப்படி எழுதுனாலும் அதுக்குள்ள போறது அதுதானேம்மா."

அப்படியே அது நாளையாகி, அடுத்த மாசமாகி, தீபம் முடியட்டும் ஆகி, கடைசியில் அப்பாசாமியின் முட்டி போய், அவர் பதவியும் போய், இதோ தேர்தலில் வந்து நின்றது.

"சரி, ரெண்டு பேரும் ரெண்டு வார்த்த பேசுங்க" என்றார் அப்பாசாமி. "ரெண்டே வார்த்த. பால் கொதிக்குது."

திரௌபதி ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.

"நான் ஒண்ணும் பெருசா பேசப் போறதில்ல. சங்கத்துல பொம்பளைங்க பதினோரு பேரு. ஆம்பளைங்க பத்து பேரு. இத்தன வருசமா ஆம்பளதான் தலைவரு. பொம்பளைக்குப் பொம்பள ஓட்டு போட்டா நான் ஜெயிச்சேன். கணக்கு முடிஞ்சிபோச்சி."

தார்ப்பாயில் கைதட்டல். மண்ணாங்கட்டி மட்டும் கைவேலையாக இருந்தாள்.

"இது சரிதான்" என்று எழில் ஸ்கூட்டியிலிருந்து குரல் கொடுத்தான். "இப்ப ஃபாரின்ல எல்லாம் பாருங்க, லேடீஸ்தான் லீடர்ஷிப். நம்ம ஆளுங்க மாறணும். பொம்பளைன்றதுக்காகவே ஒரு தடவ ஓட்டு போடலாம்ன்றேன், தப்பே இல்ல."

"தம்பி, கட உன் பேர்லயா, உன் பொண்டாட்டி பேர்லயா?" என்றாள் மண்ணாங்கட்டி, பூவிலிருந்து தலையைத் தூக்காமல்.

"என் பேர்லதான்க்கா."

"லோனு?"

எழில் ஸ்கூட்டியின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான். லோன் அவன் மனைவியின் மகளிர் குழுவில் எடுத்தது என்று ரோட்டுக்கே தெரியும்.

சடையனின் மச்சான், ஜூஸ் கடைப் பிரசாத் எழுந்தான். "யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. தலைவர்னா சும்மா இல்ல. ஆபீஸ் ஆபீஸா அலையணும், போலீஸ் வந்தா முன்னால நிக்கணும். பொம்பளையால ஆவாது. திரௌபதிக்கா மேல மரியாத உண்டு, ஆனா..."

"டேய் பிரசாத்து" என்றாள் திரௌபதி. "போன பௌர்ணமிக்கு போலீசு வந்து உன் வண்டிய எடுன்னு சொன்னப்ப நீ எங்க இருந்த?"

பிரசாத் உட்கார்ந்தான்.

"என் கட கிரைண்டருக்குப் பின்னால ஒளிஞ்சிக்கினு இருந்தான்" என்று எல்லாருக்கும் சொல்லி முடித்தாள் அவள். "மாவு மூட்டையோட மூட்டையா."

சிரிப்பு அடங்கியதும் சடையன் எழுந்தார். அவர் எழுந்ததும் எல்லாரும் வேலிச் சந்தைப் பார்த்தார்கள். அவர் போகவில்லை. பேசத்தான் எழுந்திருக்கிறார்.

"நான் ஆம்பளைன்னு யாரும் எனக்கு ஓட்டு போட வேணாம். ஆம்பளைன்றதுல எனக்கே இப்ப பெரிய நம்பிக்க இல்ல. சுகர் பேஷண்டுன்னு போடுங்க. போன வாரம் புளியமரத்துப் பின்னால ஒதுங்குனேன். கெஸ்ட் ஹவுஸ் வாட்ச்மேன் குச்சி எடுத்துக்கினு தொரத்துறான். இந்தப் பக்கம் ஓடி வந்தா யோகா கத்துக்க வந்த கும்பல் ஒண்ணு நிக்குது. அதுல ஒருத்தி என்ன போட்டோ புடிக்கிறா. எந்த நாட்டுல எந்தச் செவுத்துல நான் தொங்கிக்கினு இருக்கேனோ!"

அவர் உட்கார்ந்தார்.  யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தமிழ்செல்வி தக்காளிப் பெட்டியிலிருந்து தலையைத் தூக்கினாள். "செயலாளரா ஒரு கேள்வி கேக்கறேன். கழிப்பற லெட்டர்ல நீங்க ரெண்டு பேரும் கையெழுத்து போடுவீங்களா?"

"பேனா குடு, இப்பவே போடுறேன்" என்றார் சடையன்.

திரௌபதி கொஞ்சம் யோசித்தாள். "எங்க வருதுன்னு பாக்கணும். இந்த ரோட்டுல சங்கத்துக்குன்னு காலியா கெடக்கற எடம் என் கடைக்குப் பக்கத்துலதான். ஒரு பக்கம் சாம்பாரு, ஒரு பக்கம் கக்கூஸுன்னா எவன் சாப்புட வருவான்? அதான் அவசரத்துக்கு என் வூடு இருக்குதே. யாருக்காவது இல்லன்னு சொல்லியிருக்கேனா?"

 தார்ப்பாயில் வாயே திறக்காதவர்கள்கூட இருமினார்கள்.

ஓட்டுப்பதிவு ஏற்பாடு முழுக்க தமிழ்செல்வியுடையது. எதையும் முறைப்படி செய்ய வேண்டும் அவளுக்கு. துண்டுச் சீட்டுகளில் ஒரு இட்லியும் ஒரு இளநீரும் வரைந்து, வேண்டிய படத்துக்கு நேராக டிக் போடும்படி செய்திருந்தாள். அவள் வரைந்த இட்லி கொஞ்சம் பௌர்ணமி நிலா மாதிரி இருந்தது, பரவாயில்லை. டீக்கடைப் பிஸ்கட் டின் ஒன்றுக்குப் பேப்பர் சுற்றி, மூடியில் ஓட்டை போட்டு, ஓட்டுப் பெட்டி ஆக்கினாள்.

வரிசையில் நிற்கச் சொன்னதும் ஒரு பேஜார் வந்தது. எந்தப் பள்ளிக்கூடத்துப் பூத்திலும் லேடீஸ் லைன் தனி, ஜென்ட்ஸ் லைன் தனி. பிறந்ததிலிருந்து அப்படியே நின்று பழகிய ஜனம், தானாகவே இரண்டாகப் பிரிந்து மனையின் இரண்டு மூலைக்குப் போய் நின்றுகொண்டது. பெட்டியோ ஒன்று. அதைத் தூக்கிக்கொண்டு அங்கும் இங்கும் ஓடுவதா?

"இன்னொரு டின்னு இருக்குது, எடுத்துக்கோம்மா" என்றார் அப்பாசாமி. "எப்படியும் பிஸ்கட்டு நமுத்துப் போச்சி."

தமிழ்செல்விக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. இரண்டாவது டின்னுக்கும் பேப்பர் சுற்றினாள். முறைப்படி இருக்கட்டும் என்று ஒன்றின் மேல் 'லேடீஸ்' என்றும் இன்னொன்றின் மேல் 'ஜென்ட்ஸ்' என்றும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதினாள். இருபத்தொரு பேரில் ஒருவருக்காவது அதில் ஏதோ இடிக்கிறது என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

தன் முறை வந்தபோது அவள் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். திரௌபதிக்குப் போட வேண்டும் என்றுதான் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியிருந்தாள். ஒரு பெண் நிற்கிறாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. நாமே போடாவிட்டால் வேறு யார் போடுவார்கள்? ஊரில் எந்த மேடையில் பார்த்தாலும் வேட்டிகளாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு சேலையாவது உட்காரட்டுமே.

அப்படி நினைத்துக்கொண்டே பேனாவை இட்லி பக்கம் கொண்டு போகும்போதுதான் அடிவயிற்றில் சுரீரென்றது. காலையிலிருந்து அடக்கியது. கால்களை ஒன்றோடு ஒன்று இறுக்கிக்கொண்டாள். பத்தடி தூரத்தில் திரௌபதி ஸ்டூலில் இருந்தாள், இடுப்பில் சாவி. இப்போதே போய்க் கேட்கலாம். கேட்டால், "ஓட்டு போடறப்பவுமா?" என்பாள். இருபத்தொரு பேர் முன்னால்.

பேனா தானாக இளநீர் பக்கம் நகர்ந்து டிக் போட்டது.

எண்ணிக்கை அப்பாசாமி முன்னிலையில் நடந்தது. முதலில் லேடீஸ் பெட்டி. தமிழ்செல்வி ஒவ்வொரு சீட்டாகப் பிரித்துப் படித்தாள். இளநீர். இட்லி. இளநீர். இளநீர். பாதி எண்ணும்போதுதான் தான் செய்து வைத்திருக்கும் காரியம் அவளுக்கு உறைத்தது.  நிறுத்த முடியாது. குரலைத் தாழ்த்திப் பார்த்தாள்; "சத்தமா படிம்மா" என்றார் அப்பாசாமி.

லேடீஸ் பெட்டியில் சடையனுக்கு ஏழு. திரௌபதிக்கு நாலு.

 தார்ப்பாயில் இருந்த பெண்கள் எல்லாரும் தார்ப்பாயின் நூல் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.  திரௌபதி மட்டும் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

பிறகு ஜென்ட்ஸ் பெட்டி. இட்லி, இட்லி, இட்லி, இளநீர், இட்லி. சடையன் வாயைத் திறந்தவர் மூடவில்லை. பத்து ஆண்களில் திரௌபதிக்கு ஏழு பேர் போட்டிருந்தார்கள். சடையனுக்கு மூன்று. கூட்டினால் திரௌபதி பதினொன்று, சடையன் பத்து.

"திரௌபதி ஜெயிச்சாச்சி" என்று அப்பாசாமி அறிவித்தார். "எல்லாரும் கை தட்டுங்க, எனக்குப் பால் பொங்குது."

கை தட்டினார்கள். ஜெயித்தவள் மட்டும் தட்டவில்லை.

"ஆம்பளைங்க ஓட்டுல ஜெயிச்ச பொம்பள!" என்றாள் மண்ணாங்கட்டி, பூக்கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டே. "இந்த ஊர்ல என்னென்னவோ அதிசயம் நடக்குது, இது ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சி."

அன்று சாயங்காலத்துக்குள் பத்துப் பெண்களில் ஒன்பது பேர் தனித்தனியாகப் போய்த் திரௌபதியிடம் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். "அக்கா, அந்த நாலுல நான் ஒருத்தி." சடையனிடமும் ஒன்பது ஆண்கள் வந்து, "அண்ணே, அந்த மூணுல நான் ஒருத்தன்" என்றார்கள். எழில் தன் பிள்ளை மேல் சத்தியம் செய்தான். அவனுக்குப் பிள்ளை கிடையாது.

திரௌபதிக்கோ உண்மை சீக்கிரம் தெரிந்துவிட்டது. பிரசாத்தே இட்லி தின்றுகொண்டே உளறினான். "எங்க மச்சான்தான், இல்லன்னு சொல்லல. ஆனா அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா, 'காயக் கொஞ்சம் பாத்துக்கப்பா'ன்னு சொல்லிட்டுப் போவாரு. போனா அர மணி நேரம். தலைவர் ஆயிட்டா ஆபீசு கீபீசுன்னு நாள் பூரா போயிடுவாரு. எவன்கா அவரு எளநிக்குக் காவல் இருக்கறது? அதான் பசங்க எல்லாம் உங்களுக்கு..."

திரௌபதி அவன் இலைக்குச் சட்னி வைக்காமல் போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து பாத்ரூம் சாவி காணாமல் போனது. "எங்கயோ வுழுந்துபோச்சி" என்றாள் திரௌபதி, கேட்டவர்களிடமெல்லாம். அவள் மட்டும் எப்படிப் போகிறாள் என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை. அந்த நாலில் தான் ஒருத்தி என்று சத்தியம் செய்தவர்களுக்கும் அதே பதில்தான். பூ வாங்க வந்தவர்களையெல்லாம் மண்ணாங்கட்டி கடித்துக் குதறினாள். தமிழ்செல்வி இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் மறுபடி நீர்க்கடுப்பு ஆரம்பிக்கும் போலிருந்தது. இனி ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் திட்டுவார். அதைவிடத் திரௌபதியிடம் திட்டு வாங்குவது நல்லது என்று, காலை டிபன் முடிந்து சாப்பாடு ஆரம்பிக்காத நேரமாகப் பார்த்துக் கடையை அடுத்த கடைக்காரியிடம் விட்டுவிட்டு, எழுதி வைத்திருந்த கடிதத்தோடு போனாள்.

திரௌபதி கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னா, நீயும் அந்த நாலுல ஒருத்தியா? உன்ன மட்டுந்தான் காணோம்னு பாத்துக்கினு இருந்தேன்."

தமிழ்செல்விக்கு ஒரு கணம் ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்றிருந்தது. பத்தாவது ஆளாகச் சொல்லிவிட்டுப் போனால் யாருக்கு என்ன நஷ்டம்?

"இல்லக்கா. நான் அந்த ஏழுல ஒருத்தி."

கிரைண்டரில் ஓடிய தண்ணீர் நின்றது. திரௌபதி திரும்பினாள். "நீயா? பெட்டி வச்சவளே நீதான். எனக்கு ஆப்பு வெச்சதும் நீதானா?"

"உங்களுக்குப் போடணும்னுதான்க்கா வந்தேன். பொம்பளைன்னு. சத்தியமா. சீட்ட கையில புடிச்சப்ப எனக்கு அவசரமா வந்துடுச்சி."

"அதுக்கு?"

"சாவி கேட்டா நீங்க இன்னா சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

"நான் இன்னாடி சொல்லுவேன்? இல்லன்னா சொல்லுவேன்? இந்த ரோட்டு மொத்தத்துக்கும் நான் கக்கூஸ் கழுவிக்கினு கெடக்கறேன். பௌர்ணமி ராவுக்கு எவ எவளோ வந்து கதவத் தட்டுறா. எல்லாத்தையும் தண்ணி ஊத்திக் கழுவறது எவ? இவங்க எல்லாம் வந்து கழுவிக் குடுத்தாங்களா?"

"கழுவுனது நீங்கதான். அதோட சேத்து 'மறுபடியுமா'ன்னு கேட்டதும் நீங்கதான்க்கா. கட நெறைய ஆளு இருக்கச்ச."

 திரௌபதி முந்தானையால் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

"அது... தமாசுக்குக் கேக்கறதுடி."

"உங்களுக்குத் தமாசு."

திரௌபதி பெஞ்சில் உட்கார்ந்தாள். ஸ்டூலில் அல்ல, சாப்பிட வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில். தமிழ்செல்வி நின்றுகொண்டே இருந்தாள்; உட்கார்ந்தால் அடக்குவது கஷ்டம்.

"ஒம்போது பேரு வந்து பொய் சொல்லிட்டுப் போனாளுங்க" என்றாள் திரௌபதி, யாருக்கோ சொல்வது போல. "ஆம்பளைங்க போட்டாங்கன்னு கொஞ்சம் பெருமையா இருந்துச்சி. அதுவும் எளநிக்குக் காவல் இருக்க வலிக்குதுன்னு போட்டதாம். அடுத்த வருசம் சடையன் ஒரு ஆள வேலைக்கு வெச்சிட்டா அந்த ஏழும் போச்சி. இங்க பொம்பளைங்கதான் ஜாஸ்தின்னு நான் தெம்பா இருந்தேன். எனக்குன்னு ஒரு ஓட்டும் இல்ல போலக்கீது."

"நாலு இருக்குதுக்கா."

"அதுல ஒண்ணு நானே போட்டது."

தமிழ்செல்விக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் விபரீதம் ஆகிவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதைப் பார்த்துவிட்டுத் திரௌபதிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"குடு அந்தக் கடுதாசிய."

படித்தாள். வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தாள். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"எடம்: திரௌபதி டிபன் கடை அருகில். இது ஆவாது."

"வேற எடம் இல்லையேக்கா."

"எடம் அதேதான். வாசல எதுக்கு என் பக்கம் வெக்கிற? அந்தப் பக்கம் திருப்பு. ரோடு தாண்டி எவன் இருக்கான்?"

"சடையண்ணன் வண்டி நிக்குது."

"அவருகிட்ட போய் கேளு. சாம்பார்ல வாசன வந்தா சனம் ஓடிப்போவும். எளநி மூடி போட்டுத்தானே இருக்குது."

தமிழ்செல்வி ரோட்டைத் தாண்டி ஓடினாள். சடையன் வண்டியில் இல்லை. வேண்டாவெறுப்பாக எழில் காய்க்குக் காவல் நின்றான். கொஞ்ச நேரம் கழித்து வேட்டியைச் சரிசெய்துகொண்டே வந்த சடையனிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"வாசல் என் வண்டிக்கு நேராவா?"

"ஆமாண்ணே. உங்களுக்கு ஆட்சேபண இருந்தா..."

"ஆட்சேபணையா?" சடையன் கண் கலங்கிவிட்டது. "எத்தினி அடி இருக்கும்?"

"இதோ, ஒரு இருவது அடி."

"இன்னும் கிட்ட வராதா?"

எழில் அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்து அந்த ரோடு பார்த்ததில்லை.

தமிழ்செல்வி திரும்பி வந்து திரௌபதி கடை மேசையில் வைத்து, நின்றுகொண்டே புதுத் தாளில் கடிதத்தை மறுபடி எழுதினாள். சாமி படம் போட்ட லெட்டர் பேடா வெறும் தாளா என்று கேட்டபோது, "படம் போட்டதுலயே எழுது. அவருக்குத் தெரியாம இந்த ஊர்ல எவன் எங்க ஒதுங்குறான்?" என்றாள் தலைவி. வாசல் மேற்கு நோக்கி என்று தமிழ்செல்வி சேர்த்தாள். பெண்களுக்குத் தனி, ஆண்களுக்குத் தனி என்று எழுதினாள். பராமரிப்பு சங்கத்தின் பொறுப்பு என்று எழுதினாள். அந்த வரியில் திரௌபதி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கழுவறது நான் மட்டும் இல்ல. ஆம்பளைங்க பக்கத்த ஆம்பளைங்க கழுவட்டும். அதையும் எழுது."

"லெட்டர்ல வேணாம்க்கா. தீர்மானமா போட்டுக்கலாம்."

"மொத தீர்மானம் அதான்."

'இப்படிக்கு' என்று எழுதித் தாளை அவள் பக்கம் திருப்பினாள். திரௌபதி பேனாவை வாங்கி, பெயரை ஒவ்வொரு எழுத்தாக, இட்லித் தட்டில் மாவு ஊற்றுவது போல நிதானமாகப் போட்டாள். கீழே 'தலைவர்' என்று எழுதியிருந்தது. அதன் மேல் ஒரு தடவை விரலை ஓட்டினாள்.

"இந்தா" என்று இடுப்பிலிருந்து சாவியை உருவி நீட்டினாள். "ரொம்ப நேரமா ஒத்தக் கால்ல நிக்கிற."

கடையில் மூன்று பேர் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். திரௌபதி வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கு அவள் வாயை என்ன பாடுபடுத்தினாள் என்பது முகத்தில் தெரிந்தது.

மத்தியானம் இருவரும் எழிலிடம் ஒரு ஸ்கூட்டி வாங்கிக்கொண்டு தபால் ஆபீசுக்குப் போனார்கள். கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாமே, ஆபீஸ் ஊருக்குள்தானே இருக்கிறது என்று திரௌபதி வழி நெடுகக் கேட்டாள். "கையில குடுத்தா எந்த மேசையில போவுதுன்னு தெரியாதுக்கா. ரிஜிஸ்டர் தபால்ல போனா கையெழுத்து போட்டு வாங்கித்தான் ஆவணும்" என்றாள் தமிழ்செல்வி.

கடிதத்தை மூன்றாக மடித்து உறையில் வைத்தாள். திரௌபதி வாங்கி, வெளியே எடுத்து, தன் கையெழுத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தாள். பசை டப்பாவில் பசை காய்ந்துபோயிருந்தது. தமிழ்செல்வி விரலை ஈரமாக்கிச் சுரண்டி எடுத்து, உறையின் வாயில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவி, கட்டை விரலால் அழுத்தி ஒட்டினாள். கவுண்டர்காரர் எடை போட்டார், ஸ்டிக்கர் ஒட்டினார், முத்திரையை ஓங்கிக் குத்தினார், பின்னால் திரும்பாமலேயே உறையைச் சாக்குக்குள் வீசினார்.